நகரை ஒட்டிய தார்ப் பாதைகளில் எளிய சைக்கிள் சுற்று: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நெடுவழி (தொடக்கப் பதிவு)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ரோடு சைக்கிள் ஓட்டத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. 28 மி.மீ. டயர் போட்ட, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் உள்ள சாதாரண வண்டி. நகரின் விளிம்பில், மோட்டார் வாகனங்கள் வராத தார்ப் பாதைகளையும் கான்கிரீட் பாதைகளையும் இணைத்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற மாதிரி 25 முதல் 30 கி.மீ. வரையிலான ஒரு சுற்றை அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். வேகத்தைக் கூட்டுவது என் நோக்கம் அன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், பேசினாலும் மூச்சு வாங்காத அளவில், மனம் பதறாமல் ஓட்ட வேண்டும், அவ்வளவே.

வரைபடத்தில் மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவது, ஆற்றின் ஒரு கரையில் ஏறிச் சென்று பாலத்தைக் கடந்து மறு கரையில் இறங்கி வருவது. இரண்டாவது, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பழைய ரயில் தடம். அதன் மேல் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, ஏரியைச் சுற்றிய பாதையை இரண்டு முறை வருவது. தூரம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றில் எளியது எது என்பதை எதை வைத்து முடிவு செய்வது? ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்புவதைவிடச் சுற்றாக அமைப்பதில் உண்மையிலேயே நன்மை இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆரக்கால்

நெடுவழி அவர்களுக்கு, தூரத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். 30 கி.மீ. என்பது தன்னளவில் எளிதும் இல்லை, கடினமும் இல்லை. வழியில் எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, எத்தனை இடத்தில் மோட்டார் வண்டிகளோடு பாதையைப் பகிர வேண்டியிருக்கிறது என்பவைதாம் ஒரு சுற்றை எளிதாக்குகின்றன அல்லது கெடுக்கின்றன. ஒரு சுற்றை மதிப்பிடும்போது அதன் மிக மோசமான ஒரு கிலோமீட்டரைப் பாருங்கள் என்று புதியவர்களிடம் எப்போதும் சொல்வேன். மீதி 29 கி.மீ. எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஒரு கிலோமீட்டரில் லாரிகளுக்கு நடுவே திரும்ப வேண்டியிருந்தால், மூன்றாம் வாரம் நீங்கள் அந்தப் பக்கம் போக மாட்டீர்கள்.

நின்று கிளம்புவதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை முழுதாக நிறுத்தி மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவரச் செலவாகும் ஆற்றல், காற்றில்லாத சமதரையில் நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டுவதற்குச் சமம். ஆற்றல் கணக்கில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் கால்களுக்கு அது வேறு விதமாகத் தெரியும், ஏனெனில் அந்த ஆற்றல் முழுவதும் கிளம்பும் சில நொடிகளுக்குள் கேட்கப்படுகிறது. நேரத்தையும் கணக்கில் எடுங்கள்: முப்பது குறுக்குச் சாலைகள், ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் என்றால் கால் மணி நேரம் நின்றே கழிந்துவிடும்.

ஆகவே குறுக்குச் சாலை கண்ணில் பட்டவுடன் மிதிப்பதை விட்டுவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுங்கள். பிரேக் பிடித்து வீணாக்கும் வேகம் திரும்பக் கிடைக்காது; உருண்டு குறைந்த வேகம் அந்தத் தூரத்தைக் கடக்கவாவது பயன்பட்டிருக்கும். நிற்பதற்கு முன்பே இலேசான கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நின்ற பிறகு கனமான கியரில் எழும்பி மிதிப்பதுதான் முழங்காலுக்கு முதல் எதிரி.

காற்றுமுகம்

ஆரக்கால் சொன்னதோடு உடன்படுகிறேன். கூடவே காற்றையும் ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுற்றா, போய்த் திரும்புவதா என்ற கேள்விக்குக் காற்றுதான் பாதி விடை. காற்றின் எதிர்ப்பு, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்கிறது. நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது என்றால், உங்கள் மேல் படும் காற்றின் வேகம் 35 கி.மீ.; எதிர்ப்பு காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, இரண்டும் சரியாகிவிடாதா என்று பலர் நினைக்கிறார்கள். சரியாவதில்லை. 25 கி.மீ. வழியில் போகும் பாதியை 15 கி.மீ. வேகத்திலும் வரும் பாதியை 25 கி.மீ. வேகத்திலும் ஓட்டினால் மொத்தம் 80 நிமிடம் ஆகும்; காற்றில்லாமல் சீராக 20 கி.மீ. வேகத்தில் ஓட்டியிருந்தால் 75 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் கழியும் நேரம் எப்போதும் நீளமானது. பின்காற்றின் சுகம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சுற்றாகப் போனாலும் காற்று மறைந்துவிடாது. ஆனால் அது துண்டுகளாகப் பிரிந்து வரும்: கொஞ்ச தூரம் எதிரே, கொஞ்ச தூரம் பக்கவாட்டில், கொஞ்ச தூரம் பின்னால். ஒரே மூச்சாக 12 கி.மீ. எதிர்க்காற்றில் குனிந்து மிதிப்பதைவிட இது மனத்துக்கு எவ்வளவோ இலகு. எதிர்க்காற்று வரும் துண்டு, கால்கள் களைக்காமல் இருக்கும் முதல் பாதியில் அமையும்படி சுற்றின் திசையைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துண்டில் மரங்களோ உயர்ந்த கரையோ இருந்தால் இன்னும் நல்லது.

ஏற்றத்துக்கு வருவோம். மேலே சொன்ன அதே 80 கிலோ கணக்கில், சமதரையில் 20 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க ஏறத்தாழ 60 முதல் 65 வாட் போதும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில், கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றம் மேலும் 44 வாட் கேட்கும். மூன்று மீட்டர் உயர்ந்தால் மொத்தத் தேவை மும்மடங்காகிவிடும். பழைய ரயில் தடங்கள் புதியவர்களுக்கு இதமாக இருப்பதன் காரணம் இதுதான். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் குறைவு என்பதால், பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் ஏற்றத்தை மிகக் குறைவாக வைத்தார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்த மெல்லிய ஏற்றம் பத்துக் கிலோமீட்டர் தொடர்ந்து நீளக்கூடும். நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் பத்துக் கிலோமீட்டர் போனால் நூறு மீட்டர் ஏறியிருப்பீர்கள். கண்ணுக்குச் சமதரையாகத் தெரிவதால், இன்று உடம்பு சரியில்லையோ என்று ஐயம் வரும். உடம்பில் குறையில்லை, பாதை ஏறிக்கொண்டிருக்கிறது.

பாலத்தடி

ஆற்றங்கரைச் சுற்றைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் என் வழக்கமான பாதையும் அத்தகையதுதான்.

சுற்றுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. 30 கி.மீ. போய்த் திரும்பும் வழியில், கடைக்கோடியில் நீங்கள் தொடக்க இடத்திலிருந்து 15 கி.மீ. தள்ளி நிற்பீர்கள். அதே 30 கி.மீ. ஒரு வட்டமாக அமைந்தால் வட்டத்தின் விட்டம் சுமார் 9.5 கி.மீ.தான், எங்கே நின்றாலும் நேர்க்கோட்டில் அதற்கு மேல் தொலைவு இருக்க முடியாது. டயர் கிழிந்தாலும், மழை பிடித்தாலும், உடன் வந்தவருக்குத் தலை சுற்றினாலும் வீடு அருகில் இருக்கிறது என்பது பெரிய நிம்மதி.

ஆனால் ஆற்றுச் சுற்றில் இந்தக் கணக்கு ஏமாற்றும். அது வட்டமாக இருப்பதில்லை, நீண்டு ஒடுங்கியிருக்கும். மறு கரையில் உங்கள் வீட்டுப் பக்கம் கண்ணெதிரே தெரிந்தாலும் நடுவில் ஆறு இருக்கிறது. ஆகவே அங்கே உண்மையான அளவுகோல் பாலங்களுக்கு இடையிலான தூரம். இரண்டு கடைசிப் பாலங்களை மட்டும் நம்பி 30 கி.மீ. சுற்று அமைக்காதீர்கள். நடுவில் சைக்கிள் போகக்கூடிய ஒரு பாலமாவது இருக்க வேண்டும். இருந்தால் சுற்று 8 என்ற எண்ணின் வடிவுக்கு வந்துவிடும்; அரைச் சுற்றோடு திரும்பவும் முடியும், ஒரு கரையில் பழுது வேலை நடந்தால் மாறிக்கொள்ளவும் முடியும்.

பாலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பதையும் போய்ப் பாருங்கள். கரைப் பாதை அருமையாக இருக்கும். பாலத்துக்கு ஏறும் இடத்தில் படிக்கட்டு மட்டும் இருக்கும். அல்லது சரிவுப் பாதை இருக்கும், ஆனால் கொண்டை ஊசி போல மடங்கி, ரோடு சைக்கிளின் முன்சக்கரம் திரும்ப இடமில்லாமல் இருக்கும். பாலத்தடியில் குனிந்து செல்லும் பாதைகள் வெள்ளத்தில் முதலில் மூழ்குபவை. நீர் வடிந்த பிறகும் வழவழப்பான வண்டல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். காய்ந்தது போலத் தோன்றும், உள்ளே ஈரம் இருக்கும். அதன் மேல் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல், நேராக உருண்டு கடக்க வேண்டும். ஐயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

நேர்கோடு

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இத்தகைய பாதைகளை ரோடு சைக்கிளுக்கு ஏற்றவை என்று சொல்வது சரியா என்று யோசிக்க வேண்டும். அங்கே நடப்பவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், நாயை நீண்ட கயிற்றில் பிடித்து வருபவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் வாகனம் குறைந்த நல்ல அகலமான சாலை, மாலை நேரத்து நெரிசலான பூங்காப் பாதையைவிடப் பாதுகாப்பாக இருக்கக்கூடும். சாலையில் வருபவை எந்தப் பக்கம் வரும் என்பது தெரியும். பகிர்வுப் பாதையில் யார் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாது. சாலையில் ஓட்டவும் பழகிக்கொள்வது நெடுவழி அவர்களுக்கு நீண்ட நாள் பயன் தரும் என்பது என் எண்ணம்.

மணியோசை

நேர்கோடு அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். நான் அதே பாதைகளில் சைக்கிளும் ஓட்டுகிறேன், என் தாயாரோடு நடக்கவும் செய்கிறேன். ஆகவே இரண்டு பக்கமும் தெரியும்.

பகிர்வுப் பாதையில் வேகமாகப் பயிற்சி செய்ய விரும்புபவருக்கு அது உரிய இடம் இல்லை. அந்த அளவில் அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் நெடுவழி வேகம் கேட்கவில்லை. வேகத்தை இடத்துக்கு ஏற்பக் குறைக்கத் தயாராக இருப்பவருக்கு இந்தப் பாதைகளைப் போல இதமானவை வேறில்லை. சாலையில் ஒரு தவறின் விலை மிக அதிகம். இங்கே 15 கி.மீ. வேகத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும்.

நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எதிரே ஒன்றைக் கண்டு, மூளை உணர்ந்து, விரல் பிரேக்கைத் தொட ஒரு நொடி என்று கொள்வோம். 25 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே ஏறத்தாழ ஏழு மீட்டர் போய்விடும். அதன் பிறகு காய்ந்த தார் மேல் நன்றாகப் பிடித்தாலும் இன்னும் ஆறு மீட்டர். மொத்தம் 13 மீட்டர். 15 கி.மீ. வேகத்திலோ இரண்டும் சேர்ந்து ஆறரை மீட்டர்தான். வேகத்தை நாற்பது விழுக்காடு குறைத்தால் தூரம் பாதியாகிறது. அந்தப் பாதிக்குள்தான் பந்தின் பின்னால் ஓடிவரும் குழந்தை இருக்கிறது.

முந்திச் செல்வதில் மூன்று பேர் மூன்று விதமாகச் செய்கிறார்கள், அதனால்தான் சச்சரவு வருகிறது. என் முறையைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே ஒரு முறை மணி அடிப்பேன். முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று அடித்தால் நடப்பவர் திடுக்கிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சரியாக நம் பாதைக்குள்ளேயே தாவுவார். அடித்தபின் ஒரு கணம் பொறுத்து, அவர் தோளோ தலையோ அசைகிறதா என்று பார்ப்பேன். அசையவில்லை என்றால் காதில் பாட்டுக் கேட்கிறார் அல்லது கேட்கும் திறன் குறைந்தவர். அப்போது நடக்கும் வேகத்துக்கு இறங்கி, கை நீட்டினால் எட்டாத இடைவெளி விட்டுக் கடப்பேன். கடக்கும்போது ஒரு வணக்கமோ நன்றியோ சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. அடுத்த சைக்கிள்காரருக்கு அவர் மலர்ந்த முகம் காட்டுவார்.

நாய்க் கயிறு பற்றி ஒரு சொல். நாய் பாதையின் ஒரு பக்கம், ஆள் மறுபக்கம் என்றால் நடுவே மெல்லிய கயிறு இருக்கிறது என்றே கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

நேர்கோடு

மணியோசை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. வேகத்தைக் குறைக்கும் மனநிலை உள்ளவருக்கு என் எதிர்ப்பு பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் குழுவாகச் செல்பவர்கள் இதைப் படித்தால், இருவர் இருவராக அணிவகுக்காமல் ஒற்றை வரிசையில் வருமாறு கேட்டுக்கொள்கிறேன். பாதை நடுவில் நடப்படும் தடுப்புக் கம்பங்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். முன்னால் போகிறவர் கம்பத்தை மறைத்துவிடுவார். அவர் கடைசி நொடியில் விலகுவார். பின்னால் நெருக்கமாக வருபவருக்குக் கம்பம் திடீரென்று முளைக்கும். முன்னால் போகிறவர் உரக்கச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவர் இடைவெளி விட வேண்டும்.

வரைபடக்காரர்

வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், தன்னார்வலர்கள் பாதையின் மேற்பரப்பையும் குறித்து வைக்கிறார்கள். பல சைக்கிள் செயலிகள் அந்தத் தரவையே எடுத்துக் காட்டுகின்றன. அங்கே தார் என்று தெளிவாகக் குறித்திருந்தால் நம்பிக்கையோடு போகலாம். பொதுவாகத் தளம் போடப்பட்ட பாதை என்று மட்டும் இருந்தால் கவனம் தேவை. பாவுகல், கான்கிரீட் பலகை எல்லாமே அந்தப் பிரிவுக்குள் வந்துவிடும், 28 மி.மீ. டயருக்கு அவை ஒன்று போல இருப்பதில்லை. மேற்பரப்பு குறிக்கப்படாத துண்டுகளைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். தார் சீரான கருஞ்சாம்பல் நிறத்தில் கூர்மையான விளிம்போடு தெரியும். மண் பாதையின் விளிம்பு கலைந்து, அகலம் கூடிக் குறைந்து தெரியும்.

ஏற்ற இறக்கப் படத்தை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலான செயலிகள் தரையின் உயரத் தரவை அடிப்படையாகக் கொள்கின்றன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட உயரத் தரவு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன் ஒரு புள்ளி சுமார் 30 மீட்டர் சதுரம். அதற்குப் பாலம் தெரியாது, சுரங்கப் பாதையும் தெரியாது. பள்ளத்தாக்கின் மேல் சமமாகப் போகும் ரயில் பாலத்தில் நீங்கள் செங்குத்தாக இறங்கி ஏறுவது போலப் படம் காட்டும். ஊசி முனை போன்ற ஏற்றம் தெரிந்தால், அங்கே பாலமோ சுரங்கப் பாதையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரயில் தடத்தைப் பற்றிக் காற்றுமுகம் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். ரயில் தடம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது. அது தானாகச் சுற்றாகாது. சுற்றை மூடுவதற்கு வேறு சாலை ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஆரக்கால் சொன்ன மோசமான கிலோமீட்டர் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். இணைப்பு நல்லதாக அமையவில்லை என்றால், ரயில் தடத்தில் போய்த் திரும்புவதே மேல். சுற்று என்ற வடிவத்துக்காக மட்டும் ஆபத்தான சாலையைச் சேர்க்க வேண்டாம்.

ஆரக்கால்

வரைபடக்காரரின் கடைசிக் கருத்தை முழு மனதோடு வழிமொழிகிறேன். டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் ஓர் எல்லை. தினமும் அடிக்க வேண்டிய அளவு அதுவன்று. 28 மி.மீ. டயரும் 70 கிலோ அளவிலான ஆளும் என்றால், 70 பிஎஸ்ஐ (psi, காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கிப் பார்க்கலாம். பின்சக்கரத்தில் எடை அதிகம் விழுவதால் அதற்கு முன்சக்கரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக அடிக்க வேண்டும். உங்கள் ரிம், டயரைப் பற்றிப் பிடிக்கும் விளிம்புக் கொக்கி இல்லாத (hookless) வகையாக இருந்தால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ அளவைத் தாண்டவே கூடாது. கல் போல அடித்தால் வேகமாகப் போகும் என்ற எண்ணம் வழவழப்பான ஓட்டத்தளத்துக்குப் பொருந்தும். வேர் கிளப்பிய தார்ப் பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். அந்த அதிர்வில் உங்கள் உழைப்புத்தான் வீணாகிறது.

வேர் மேடுகளை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலைக்குப் போடும் கனத்தில் இந்தப் பாதைகளுக்குத் தார் போடுவதில்லை. தாருக்கு அடியில் ஈரம் தங்கும். அதைத் தேடி வேர் மேலே ஓடும். பருத்துத் தாரைக் குறுக்காகத் தூக்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பாதைக்குக் குறுக்கே வரப்பு போல ஒரு மேடு. நிழலில் அது கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் இலைகளின் நிழலும் புள்ளி புள்ளியாகக் குறுக்கே விழுந்திருக்கும். பாதையோரம் முதிர்ந்த மரம் நிற்கிறது என்றால் மேடு இருக்கிறது என்றே கொள்ளுங்கள். மிதிப்பதை நிறுத்தி, இரு பெடல்களையும் சம உயரத்தில் வைத்து, இருக்கையிலிருந்து உடலை இலேசாகத் தூக்கி, முழங்கையைத் தளர்த்திக் கடந்தால் வண்டி உங்களுக்குக் கீழே குதித்துப் போய்விடும். பிடியை இறுக்கினால் அடி முழுவதும் மணிக்கட்டுக்கு வரும்.

கான்கிரீட் பாதையில் சிக்கல் வேறு. பலகைகளுக்கு இடையிலான குறுக்கு இணைப்புகள் தட்தட்டென்று தட்டினாலும் தீங்கில்லை. பாதையின் நீளவாக்கில் ஓடும் இடைவெளிதான் ஆபத்து. ஒல்லியான டயர் அதில் இறங்கினால் திருப்ப முடியாது. குறுக்கே ரயில் தண்டவாளம் வந்தால் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பதும் அதே காரணத்தால்தான்.

பாலத்தடி

கையில் என்ன எடுத்துப் போவது என்று யாரும் சொல்லவில்லை. உதிரி டியூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, சிறிய பம்ப், தண்ணீர், முன்னும் பின்னும் விளக்கு. இவை போதும். முன்விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்; இருட்டில் எதிரே நடந்து வருபவரின் கண்ணில் பளிச்சிட்டால் அவர் குருடாகிவிடுவார், நீங்கள் அவரைக் கடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு.

நெடுவழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

ரயில் தடம் ஓட்டுவதற்கு மிகவும் இனியது. ஆனால் சுற்றை மூடும் சாலையில் பேருந்துகள் ஓரத்தை உரசிக்கொண்டு போகின்றன. ஆகவே அதைப் போய்த் திரும்பும் வழியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஏரிச் சுற்றில் பாதை நல்ல தார், ஆனால் ஒரு பகுதியில் நீரின் மேல் மரப்பலகைப் பாலம் இருக்கிறது, அங்கே கூட்டமும் அதிகம். ஆற்றுச் சுற்றில் கரைக்கு ஐந்தாறு குறுக்குச் சாலைகள்தான் வருகின்றன. நடுவில் சைக்கிளுக்கு இடமுள்ள பாலம் இருக்கிறது. அதன் ஏறுபாதை அகலமானது. ஆகவே வழக்கமான சுற்றாக ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுக்கிறேன். விடுமுறை நாளின் அதிகாலையில் மட்டும் ஏரிக்குப் போகலாம் என்று எண்ணம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஏரியை எந்தத் திசையில் சுற்றுவது என்பதற்கு ஏதேனும் முறை உண்டா? மழை பெய்த மறுநாள் அந்த மரப்பலகையில் ரோடு சைக்கிள் ஓட்டலாமா?

காற்றுமுகம்

திசைக்கு முறை உண்டு. ஒரு வழிப் பாதை என்று பலகை வைத்திருந்தால் பேச்சே இல்லை, அதைப் பின்பற்ற வேண்டும். வான்கூவர் நகரத்தின் ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிய கடலோரப் பாதை சுமார் 10 கி.மீ.; அங்கே சைக்கிள்கள் இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்) மட்டுமே போக வேண்டும். கனடாவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். இடஞ்சுழியாகப் போனால் கடல் வலக்கைப் பக்கம் அமைகிறது. ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றி வருபவர்களுக்கும், சுமார் 200 கி.மீ. நீளமுள்ள அந்தச் சுற்றுக்கு, இடஞ்சுழியே பரிந்துரைக்கப்படுகிறது. ஜப்பானில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். இடஞ்சுழியாகப் போனால் ஏரி இடக்கைப் பக்கம் வருகிறது. ஒன்று கடல் சூழ்ந்த நிலத்தின் வெளி விளிம்பு, மற்றது ஏரியின் கரை. ஓட்டும் பக்கமும் வேறு. ஆனாலும் தத்துவம் ஒன்றுதான்: நீங்கள் ஒட்டிப் போகும் ஓரத்தில் நீர் இருக்க வேண்டும். நீருக்குள்ளிருந்து எந்தக் கிளைச் சாலையும் வந்து உங்கள் குறுக்கே சேராது, எந்த வண்டியும் உங்கள் முன்னால் திரும்பாது.

உங்கள் ஏரிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடஞ்சுழி, வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் வலஞ்சுழி. சுற்றிலும் வாகனமே வராத பாதை என்றால் இந்தக் காரணத்துக்கு வலு குறைவு. அப்போது வெயிலைப் பாருங்கள். அதிகாலையில் கிழக்கு நோக்கிப் போகும் நீண்ட துண்டு இருந்தால் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், எதிரே உங்கள் பக்கம் முகம் திருப்பி நடப்பவர் உங்களை நன்றாகப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்க்க மாட்டீர்கள். நடமாட்டம் மிகுந்த துண்டைச் சூரியன் முதுகில் இருக்கும்போது கடக்கும்படி திசையை அமையுங்கள்.

ஆரக்கால்

மரப்பலகைக்கு நான் பதில் சொல்கிறேன். காய்ந்த நாளில் தாராளமாக ஓட்டலாம். பலகைகள் பாதைக்குக் குறுக்காக அடிக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. நீளவாக்கில் இருந்தால் இடைவெளிகளைக் கவனியுங்கள்.

மழை பெய்த மறுநாள் ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. நீர்மேல் பாலத்தில் பலகை அடியிலிருந்தும் ஈரத்தை வாங்குவதால், பக்கத்துத் தார் காய்ந்த பிறகும் அது நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். நிழல் விழும் பக்கத்தில் பச்சை கலந்த கருமையாகப் பாசி படரும். அதன் மேல் டயர் வழுக்குவது படிப்படியாக நடப்பதில்லை. முன்சக்கரம் பக்கவாட்டில் நழுவிய பிறகுதான் தெரியும். ஈரமான வண்ணக் கோடுகளும் இரும்பு மூடிகளும் இதே வகைதான், ஆனால் அவை சிறியவை, சுற்றிப் போகலாம். பலகையைச் சுற்ற முடியாது. பாலத்தின் முனையில் இறங்கி ஷூவால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். கால் வழுக்கினால் தள்ளிக்கொண்டே நடந்து கடந்து, மறுமுனையில் ஏறிக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆற்றுச் சுற்றுக்குப் போனாலும் நல்லதே. பாலத்தடிப் பகுதியில் வண்டல் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.